ஐயர் இல்லாத கல்யாணத்துக்கு யார் வாத்தியார்?

புதுச்சேரிப் பகுதியின் சோரியாங்குப்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு வாரமாகக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தூணைப் பிடித்துக்கொண்டு பேசுவார். எதிரே அவர் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்தபடி கேட்பார், பக்கத்தில் கைக்கடிகாரம். முதல் நாள் 14 நிமிடம். இரண்டாம் நாள் 11.

"இன்னும் நீளம்தாங்க. அந்தக் கம்பராமாயணத்தை எடுத்துடுங்க."

கம்பர் போனார். 9 நிமிடம்.

நடத்திவைக்கச் சொல்லிக் கேட்டவன் அவருடைய பழைய மாணவன். பெண் தென்பெண்ணை ஆற்றுக்கு அந்தாண்ட, கடலூர்ப் பக்கம். சாதி வேறு, ஆனாலும் இரு வீட்டுக்கும் சம்மதம்தான். ஆனால் யார் வீட்டு முறைப்படி நடத்துவது என்பதில் மூன்று மாதம் இழுபறி. கடைசியில் யார் முறையும் வேண்டாம், ஐயரும் வேண்டாம், வாத்தியாரைக் கூப்பிடு என்று முடிந்தது. பெரியாரைப் படித்து வந்த முடிவாக இருக்கும் என்று ஆசிரியர் முதலில் மகிழ்ந்துபோனார். விசாரித்த பிறகுதான் இது பஞ்சாயத்தில் பிறந்த பகுத்தறிவு என்று தெரிந்தது. அதனால் என்ன? எந்த வழியாக வந்தாலும் ஊர் ஒன்றுதான்.

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. பள்ளியில் பாடம் நடத்துபவரும் வாத்தியார், மணவறையில் மந்திரம் சொல்பவரும் வாத்தியார். முப்பது வருடத்துக்கும் மேலாக முதல் வகை வாத்தியாராக இருந்தவரை, ஒரு தேங்காய்ப் பழத் தட்டை நீட்டி இரண்டாம் வகைக்கு மாற்றிவிட்டார்கள். அவரும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். அன்று இரவுதான் அவருக்கு உறைத்தது: என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதே!

தலைவர்கள் நடத்திவைத்த கல்யாணங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறார். அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று இருபது பெயர் இருக்கும். மணமக்களைப் பற்றி இரண்டு நிமிடம், மத்திய அரசைப் பற்றி இருபது நிமிடம். பெண்ணின் பெயரை மாற்றிச் சொல்லி, பக்கத்தில் இருப்பவர் காதைக் கடித்துத் திருத்தி, கூட்டம் சிரித்து, தலைவரும் சிரித்து, நாதஸ்வரக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினால் கெட்டிமேளம். இப்படி நடத்தக்கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. எப்படி நடத்துவது என்று கேட்க ஆள் இல்லை.

மெல்போர்னில் இருக்கும் தங்கை மகனுக்குப் போன் போட்டார். அவன் கல்யாணம் அங்கே ஒரு பூங்காவில் நடந்தது. கோட்டுப் போட்ட ஒரு அம்மா நடத்திவைத்தார். அவர் பாதிரியாரா, வக்கீலா என்று குடும்பத்தில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"ரெண்டும் இல்ல மாமா. செலிப்ரன்ட். அது ஒரு வேலை. படிச்சிட்டுத்தான் வரணும்."

படிப்பு என்றதும் ஆசிரியருக்குக் காது நிமிர்ந்துவிட்டது. அவன் சொன்னதன் சாரம் இது. 1973 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவின் அன்றைய அட்டர்னி ஜெனரல் லயனல் மர்ஃபி, லாயிஸ் டார்சி என்ற பெண்ணைக் கல்யாணம் நடத்திவைக்கும் அதிகாரம் உள்ளவராக நியமித்தார். அதுவரை தேவாலயம், இல்லாவிட்டால் பதிவு அலுவலகத்தின் சுவரும் மேசையும். மதம் வேண்டாம், ஆனால் விழா வேண்டும் என்பவர்களுக்குப் போக்கிடம் இல்லை. அந்த இடைவெளியில் முளைத்த வேலைதான் இது. இன்று அந்த நாட்டில் நடக்கும் பத்துத் திருமணங்களில் ஏறக்குறைய எட்டு, மதகுரு அல்லாத இவர்கள் நடத்திவைப்பவை.

இந்த வேலைக்கு வர விரும்புபவர் நான்காம் நிலைச் சான்றிதழ்ப் படிப்பு முடிக்க வேண்டும். பிறகு அரசு அவரைப் பற்றி விசாரிக்கும். பதிவு செய்துகொண்ட பிறகும் விடுவதில்லை. ஆண்டுதோறும் தொடர்பயிற்சி உண்டு. மணமக்கள் குறைந்தது ஒரு மாதம் முன்னால் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மணமக்கள் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லும் சொற்களும், நடத்துபவர் தன் அதிகாரத்தையும் திருமணம் என்றால் சட்டப்படி என்ன என்பதையும் எடுத்துச் சொல்லும் சொற்களும் 1961-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்திலேயே இருக்கின்றன. மற்ற கவிதை, பாட்டு, கண்ணீர் எல்லாம் அவரவர் சாமர்த்தியம்.

"இன்னொண்ணு மாமா. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க ரெண்டு பேரையும் தனித்தனியா உக்காரவச்சுப் பேசினாங்க. இது உன் விருப்பம்தானா, யாராவது கட்டாயப்படுத்துறாங்களான்னு. 2024 ஜூன்லேருந்து அது சட்டமாவே ஆயிடுச்சு."

ஆசிரியர் இதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார். நாற்பது பக்க நோட்டு. அட்டையில் 'க.ந.' என்று மட்டும் எழுதியிருந்தது. கல்யாண நடைமுறை.

அடுத்த கேள்வி இயல்பானது. நம் ஊரில் இதற்கு என்ன சட்டம்?

இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. நாட்டின் மற்ற மாநிலத்தவர்கள் கேள்விப்படாத பிரிவு. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் மட்டும் சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் ஏதாவது ஒரு மொழியில், இவரை என் கணவராக, மனைவியாக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும். அல்லது மோதிரம் அணிவித்தால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். கல்யாணம் செல்லும்.

ஆசிரியர் இந்தப் பிரிவை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார். தலைமை தாங்குபவரை அதில் காணோம்! நடத்திவைப்பவர் என்று ஒரு ஆளே சட்டத்துக்குத் தேவைப்படவில்லை. 'பிறர்' என்ற ஒரு சொல்லுக்குள், பந்திக்கு வந்தவரோடு வந்தவராக, அவரும் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு அங்க வேலையே இல்லையா?" என்று மனைவி கேட்டார்.

"சட்டப்படி இல்ல."

"அப்ப ஒன்பது நிமிஷமும் அதிகம்தான்."

இந்தப் பிரிவு சும்மா வரவில்லை. பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் 1928 மே 28 அன்று நடந்தது. பிறகு ஊர் ஊராகப் பரவி, புரோகிதர் இல்லாமல் ஆயிரக்கணக்கில் நடந்தன. சில ராகு காலத்தில், வேண்டுமென்றே. யாரும் எந்தக் கேட்டிலும் மாட்டவில்லை. மாட்டியது நீதிமன்றத்தில்தான். தெய்வானை ஆச்சி, சிதம்பரம் செட்டியார் குடும்பச் சொத்து வழக்கில் 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. சடங்கும் இல்லை, நெடுநாள் வழக்கம் என்று காட்டவும் முடியவில்லை என்பது காரணம். ஒரே தீர்ப்பில் ஏராளமான குடும்பங்களின் தாலிக்கும் மாலைக்கும் சட்ட மதிப்பு கேள்விக்குறி ஆயிற்று. மணவறையில் நின்ற பெண்களுக்கும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால்தான் 7-ஏ பிரிவின் எடை புரியும்.

1967-ல் அண்ணா முதலமைச்சராக வந்தவுடன் அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. மசோதாவில் 'மற்றும்' என்று இருந்ததைப் பார்த்துப் பெரியார் 'அல்லது' என்று மாற்றச் சொன்னார் என்பது திராவிட இயக்க மேடைகளில் அடிக்கடி கேட்கும் செய்தி. 'மற்றும்' என்றே இருந்திருந்தால் மாலை, மோதிரத்தோடு தாலியும் கட்டாயமாகியிருக்கும். இலக்கண வாத்தியாருக்கு இதைவிட ருசியான கதை கிடைக்குமா? இடைச்சொல் என்றால் என்ன என்று இத்தனை வருடம் வகுப்பில் உப்புச்சப்பில்லாமல் நடத்திவிட்டோமே என்று வருந்தினாராம்.

2001-ல் உச்ச நீதிமன்றம் நாகலிங்கம், சிவகாமி வழக்கில், இந்த வகைத் திருமணத்துக்கு ஏழடி எடுத்துவைக்கும் சடங்கு தேவையில்லை என்றது. அந்த வழக்கின் சுவை என்னவென்றால், ஏழடி வைக்கவில்லை, அதனால் என் இரண்டாம் கல்யாணம் கல்யாணமே அல்ல, எனவே தண்டிக்க முடியாது என்று தப்பிக்கப் பார்த்தது ஒரு கணவர் தரப்பு. முதல் மனைவியைக் காப்பாற்றியது 7-ஏ. 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் அதே நீதிமன்றம், ஊரறியக் கூட்டம் கூட்டித்தான் நடத்த வேண்டும் என்பதில்லை என்றது. வீட்டார் எதிர்ப்புக்கும் உயிர்ப் பயத்துக்கும் நடுவில் கல்யாணம் செய்பவர்கள் பந்தல் போட்டு மைக் வைத்தா அறிவிப்பார்கள் என்ற யதார்த்தம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. வழக்கறிஞர்கூட, நண்பராகவோ உறவினராகவோ நின்றால், சாட்சியாக இருக்கலாம்.

இத்தனையும் சென்னைக் கதை, டெல்லிக் கதை. சோரியாங்குப்பத்துக்குத் தனிக் கதை உண்டு. தென்பெண்ணையின் இந்தக் கரை 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1880-ல் பிரெஞ்சு இந்தியாவில் கொம்யூன்கள் ஏற்பட்டபோது புதுச்சேரிப் பகுதியில் இருந்தவை நான்குதான்: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். கொம்யூனுக்கு ஒரு மேயர். பிரெஞ்சு வழக்கப்படி மேயருக்குக் கல்யாணம் நடத்திவைப்பது பதவியோடு வரும் கடமை. பிரான்ஸில் இன்றும் அப்படித்தான். தோளில் மூவண்ணப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு மேயர் எழுந்து, சிவில் சட்டத்தின் 212-ஆம் பிரிவிலிருந்து சில பிரிவுகளை வாசித்துக் காட்ட வேண்டும். கணவன் மனைவி ஒருவருக்கொருவர் மரியாதை, விசுவாசம், உதவி, துணை தர வேண்டியவர்கள் என்பது 212. அதில் 'மரியாதை' என்ற சொல் 2006-ல்தான் சேர்ந்தது. 1928-லேயே கல்யாணத்தின் பெயரில் மரியாதையைச் சேர்த்துவிட்டவர்கள் நாம் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

1881-ல் வந்த ஒரு ஆணையின்படி, தங்கள் சாதி, மத வழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் இங்கே உண்டு. ரெனோன்சான் என்பார்கள். அவர்கள் வழிவந்தவர்களுக்கு இந்து திருமணச் சட்டம் இன்றும் பொருந்தாது. ஆகவே புதுச்சேரியில் கல்யாணம் நடத்திவைக்கப் போகிறவர், மணமக்களில் யாராவது ரெனோன்சான் வீட்டுப் பிள்ளையா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் என்றால் தூதரகத்துக் காகித வேலை தனி.

இன்னொரு புதுச்சேரிக்காரரும் இந்தக் கதையில் வருகிறார். பாரதிதாசன் 37 ஆண்டு பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தமிழ் வாத்தியாராக இருந்து 1946-ல் ஓய்வு பெற்றார். 1949-ல் 'புரட்சித் திருமணத் திட்டம்' என்ற நூலை வெளியிட்டார். மந்திரம் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, அந்த இடத்தில் என்ன நடக்க வேண்டும் என்று யாராவது எழுதித் தரவேண்டும் என்பது வகுப்பு எடுத்துப் பழகியவருக்குத்தான் தோன்றும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் கல்யாணம் நடத்தக் கற்றுக்கொள்வது இந்த ஊருக்குப் புதிதல்ல என்று திண்ணை வாத்தியார் தெம்படைந்தார்.

முறையாகப் பயிற்சி பெற வழி இருக்கிறதா? தேடினால் கிடைக்கிறது, ஆனால் ஒரே கூரையின் கீழ் இல்லை. சென்னை வேப்பேரி பெரியார் திடலில் சுயமரியாதைத் திருமண நிலையம் இயங்குகிறது. இணை தேடித் தருவது, நடத்திவைப்பது, பதிவுக்கு வழிகாட்டுவது எல்லாம் அங்கே உண்டு. கடவுள் வேண்டும், சமஸ்கிருதம் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு பாதை. மு.பெ. சத்தியவேல் முருகனார் தமிழ் வழிச் சடங்குகளைப் பாடமாகவே வகுத்தார், எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத் தமிழ்ப்பேராயத்தின் வழியாக 'அருட்சுனைஞர்' என்ற பட்டயப் படிப்பு நடந்தது. கோவைப் பக்கம் பேரூர் ஆதீனம் தமிழில் திருமணம், குடமுழுக்கு என்று நெடுங்காலமாக ஆட்களைப் பழக்கி வருகிறது. தேவாரம் ஓதத் தெரிந்தவர் கிடைப்பார், பகுத்தறிவுப் பேச்சாளர் கிடைப்பார். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சாதாரணக் குடும்பத்துக்கு, கொள்கை ஏதும் திணிக்காமல், காகிதமும் சரிபார்த்து, அழகாக அரை மணியில் நடத்திவைக்கும் ஆள் கிடைப்பதுதான் அரிது. சட்டம் இப்படி ஒருவரைக் கேட்கவில்லை. அதனால் யாரும் உருவாக்கவும் இல்லை.

எனவே ஆசிரியர் தனக்குத் தானே பாடத்திட்டம் போட்டுக்கொண்டார். நோட்டின் முதல் பக்கத்தில் பேச்சு இல்லை, வயது இருந்தது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-ன்படி, வயது வராதவர் கல்யாணத்தை நடத்திவைத்தவருக்கு 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கல்யாணத்தைச் செல்லுபடியாக்கும்போது தலைவரைக் கண்டுகொள்ளாத சட்டம், குற்றம் என்றால் மட்டும் தேடி வந்து கையைப் பிடிக்கிறது! 'மேடைக்குக் கூப்பிட்டார்கள், வந்தேன்' என்று சொல்லித் தப்பிப்பது எளிதல்ல. ஆகவே பள்ளிச் சான்றிதழின் நகல் கைக்கு வராமல் அழைப்பிதழில் பெயர் போடக்கூடாது என்று எழுதிக்கொண்டார்.

இரண்டாவது, இருவரும் இந்துக்களா என்பது. 7-ஏ அவர்களுக்கு மட்டும். வேறு மதம் என்றால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் அறிவிப்பு, பதிவாளர். மூன்றாவது, முன்பே கல்யாணம் ஆகி முறைப்படி முடியாமல் கிடக்கிறதா என்பது. இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டே ஆக வேண்டும்.

நான்காவதுதான் கடினம். மெல்போர்ன் பாடம்.

பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும் என்று ஆற்றுக்கு அந்தாண்ட போனார். பெண்ணின் அம்மா காபியோடு வந்து கதவருகிலேயே நின்றுகொண்டார். "அவளுக்கு என்ன தெரியும் வாத்தியாரே, எங்களைக் கேளுங்க." ஆசிரியர் காபியைக் குடித்தார். டம்ளரை நீட்டி, இன்னொரு காபி கிடைக்குமா என்றார். அம்மா அடுப்படிக்குப் போன நேரம்தான் அந்தப் பேட்டி.

"உனக்கு இதுல முழுச் சம்மதமாம்மா?"

"சம்மதம்தான் சார்." கொஞ்சம் நிறுத்தி, "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன். அதை மேடையில சொல்ல முடியுமா? அவரு ஒத்துக்கிட்டாரு. அவங்க வீட்ல இன்னும் தெரியாது."

சர்க்கரை தூக்கலாக இரண்டாவது காபி வந்தது. அவருக்குச் சர்க்கரை நோய். குடித்தார்.

மேடையில் தானே அறிவிப்பதா என்று இரண்டு நாள் யோசித்தார். அடுத்தவர் வீட்டுச் சண்டையை மைக்கில் தொடங்கிவைப்பது நடத்திவைப்பவர் வேலை இல்லை. மாணவனைக் கூப்பிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் நீயே சொல்லிவிடு என்றார். சொன்னான். இரண்டு நாள் சத்தம், மூன்றாம் நாள் அமைதி. அதன் பிறகே உறுதிமொழி எழுதப்பட்டது. பெண் தன் வரிகளைத் தானே எழுதினாள். ஆசிரியர் ஒரே ஒரு ஒற்றுப் பிழையைத் திருத்தினார், பழக்க தோஷம்.

கல்யாண நாளில் ஒரு பிரமுகர் வந்தார். அழைப்பிதழில் பெயர் இல்லாதவர். பேசச் சொல்ல வேண்டியதாயிற்று. உறுதிமொழிக்கு முன்னால் பேசவிட்டால் பாயசம் ஆறிவிடும் என்பது ஆசிரியர் கணக்கு. தாலி ஏறிய பிறகு என்று வரிசையை மாற்றினார். தாலி கூட்டத்தில் சுற்றி வர வெகு நேரம் பிடிக்கும் என்று அதை முன்கூட்டியே இரண்டு வரிசையாக அனுப்பினார். இதெல்லாம் எந்தச் சான்றிதழ்ப் படிப்பிலும் வராது.

பிறகு மைக்கைக் கழற்றிப் பெண் கையில் கொடுத்தார். கல்யாணப் பெண் மைக் பிடித்தால் மண்டபத்தில் ஒரு விநாடி என்ன செய்வது என்று யாருக்கும் தெரிவதில்லை. நாதஸ்வரக்காரர்கூடச் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அவள் நான்கு வரி படித்தாள். குரல் முதல் வரியில் நடுங்கியது, மூன்றாம் வரியில் நின்றது. மாப்பிள்ளை தன் நான்கு வரியில் ஒன்றை மறந்து, அவளைப் பார்த்து, அவள் எடுத்துக்கொடுத்து முடித்தான். சட்டத்தின் கண்ணில் கல்யாணம் அப்போதே முடிந்துவிட்டது. மாலை, தாலி, கெட்டிமேளம் எல்லாம் ஊருக்கு.

ஆசிரியர் பேசியது 6 நிமிடம். மனைவி முன்வரிசையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

காசு விஷயத்தில் மட்டும் அவர் செய்தது தவறு. வேட்டி, சட்டை, வெற்றிலைபாக்கோடு வந்த கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மேளக்காரர் வாங்குகிறார், கேமராக்காரர் வாங்குகிறார், பந்தல்காரர் முன்பணம் இல்லாமல் கம்பு நடுவதில்லை. ஒரு மாதம் அலைந்து சான்று சரிபார்த்து, இரு வீட்டையும் சமாதானம் செய்து நடத்திவைத்தவர் மட்டும் ஏன் சும்மா செய்ய வேண்டும்? இலவசமாகச் செய்யும்வரை இது தொழிலாகாது. தொழில் ஆகாதவரை யாரும் பயிற்சி வகுப்பும் தொடங்கப் போவதில்லை. அடுத்த முறை வாங்கிக்கொள்ளும்படி மனைவியும் சொல்லியிருக்கிறார்.

திருமணப் பதிவுக்குப் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கு மணமக்களோடு அவரே போய்வந்தார். தை மாதத்துக்கு இரண்டு கல்யாணம் கேட்டு வந்திருக்கிறார்கள்; ஒன்று வில்லியனூர், ஒன்று கிருமாம்பாக்கம். வில்லியனூர்க்காரர்கள் பெண்ணின் வயதுச் சான்றை இன்னும் கொண்டுவந்து தரவில்லை. அதுவரை அழைப்பிதழில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.